கேட்டால் செய்கிற கணவர் போதுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 32,000 ரூபாய். கணவர் தனியார் வங்கியில் 46,000 வாங்குகிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. அத்தை எங்களோடு இருக்கிறார். 66 வயது, மூட்டு வலி. நான் 9 மணிக்குக் கிளம்பி 6.30க்கு வருகிறேன். அவர் 8.45க்குப் போய் 7.30க்கு வருகிறார். வீட்டு வேலை எனக்கு ஆறு மணி நேரம், அவருக்கு முக்கால் மணி நேரம். நல்லவர்தான், கேட்டால் செய்வார், கேட்காவிட்டால் தோன்றாது. போன மாதம் அவர் கையில் துடைப்பத்தைப் பார்த்ததும் அத்தை அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்து, "ஆம்பளைக்கு ஆம்பளை வேலை, பொம்பளைக்குப் பொம்பளை வேலை" என்றார். சாப்பிட்டதும் மகள் தட்டை எடுக்கிறாள், மகன் எழுந்து போய்விடுகிறான். பணத்தைப் பற்றிப் பேசினால், "வீட்டுக் கடனை நான்தானே கட்டுறேன்" என்கிறார் கணவர். மளிகை, பால், பள்ளிக் கட்டணம் என் சம்பளத்தில் போகின்றன. பெரியவர்கள் வகுத்த முறை இன்றைக்கும் பொருந்துமா? நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் அதிகம் எதிர்பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வேலைப் பளுவை விட அந்தச் சந்தேகம்தான் உங்களை அதிகம் அரிப்பது தெரிகிறது.

அத்தை சொல்லும் முறை ஒரு காலத்தில் ஒரு ஏற்பாடாக ஓடியது உண்மைதான். ஒரே அடுப்பில் இரண்டு மூன்று பெண்கள் கை வைத்த கூட்டுக் குடும்பத்தில், பகல் முழுக்க வீட்டில் ஆள் இருந்த நாளில் ஓடியது. அப்போதும் "பெண் வீட்டுக்குள், ஆண் வெளியே" என்பது உழைக்கும் குடும்பங்களில் இருந்ததில்லை. ஏர் பிடித்தது ஆண் என்றால், நாற்று நட்டதும் களை எடுத்ததும் பெண். கைத்தறி வீடுகளில் தறியில் ஆண் உட்கார்ந்தால் பக்கத்தில் தாரில் நூல் சுற்றியது பெண். சமையலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைப்பவரும், ஓட்டலில் தோசைக் கல்லில் நிற்கும் மாஸ்டரும் பெரும்பாலும் ஆண்கள்தான். கூலி கிடைக்கும் இடத்தில் கரண்டி ஆண் கையில் இருக்கிறது. உடம்பு கட்டாயமாகப் பிரித்துவைத்த வேலை கருவைச் சுமப்பதும் பெறுவதும் தாய்ப்பால் கொடுப்பதும்தான். மற்றதெல்லாம் வசதிக்காகப் பிரித்தது. வசதி மாறினால் பிரிவும் மாறலாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒருவர் சம்பாதிக்க, ஒருவர் வீட்டைப் பார்ப்பது இன்றைக்கும் நல்ல ஏற்பாடாகவே இருக்க முடியும். இருவருக்கும் ஓய்வு இருக்கிறதா, இருவர் கையிலும் பணம் இருக்கிறதா, வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் பழைய முறையில் பாதிதான் மாறியிருக்கிறது. நீங்கள் வெளியே சம்பாதிக்கத் தொடங்கினீர்கள். உள்ளே எந்த வேலையும் யார் கைக்கும் மாறவில்லை. நாடு முழுக்க இதே நிலைதான். மத்திய அரசு 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ம் செய்கிற ஆண்களுக்கு மட்டுமான சராசரி; கணக்கெடுத்த நாளில் வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். வெளியே ஒன்பதரை மணி நேரம், வீட்டில் ஆறு. மொத்தம் 15.5. அவருக்கு வெளியே பத்தே முக்கால், வீட்டில் முக்கால். மொத்தம் 11.5. வித்தியாசம் நாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேர வேலையை யார் தலையிலும் போடாமல் அப்படியே விட்டுவிடலாம். வீட்டில் உடுத்தும் துணிக்கு இஸ்திரி, ராத்திரி ஆளுக்கொரு பலகாரம், தினமும் இரண்டு பொரியல் என்று எல்லா வீட்டிலும் அப்படிச் சில இருக்கும். அதன்பின் ஒன்றரை மணி நேரம் உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போனால் இருவருக்கும் 13 மணி நேரம் வரும். "நீங்க எதுவுமே செய்யறதில்ல" என்று பேச்சைத் தொடங்கினால் அவர் தான் செய்ததையெல்லாம் பட்டியல் போடுவார். "ஒன்றரை மணி நேரம் வேணும்" என்று தொடங்குங்கள். வங்கிக்காரர், எண்ணுக்குப் பதில் சொல்வார்.

அதற்கு முன் ஒரு வாரக் குறிப்பு வேண்டும். ஒரு நோட்டை ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும் எந்த வேலையானாலும் செய்தவர் எழுதட்டும். அத்தையும் பிள்ளைகளும் கூட. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்த வேலையை நினைவில் வைத்திருந்தது யார் என்றும் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். கேஸ் தீரப்போகிறது, மகனுக்கு நாளைக்குக் கலர் டிரெஸ், ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு மொய், உறை ஊற்றத் தயிர் மிச்சம் வைக்கணும் என்று இதெல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏழாம் நாள் அந்தக் கட்டம் முழுக்க உங்கள் பெயரே வந்திருந்தால், "கேட்டால் செய்வார்" என்பது ஏன் போதவில்லை என்று நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

அவர் பக்கத்தில் மின்கட்டணம், கேஸ் சிலிண்டர், வண்டி சர்வீஸ், ரேஷன் என்று இருக்கும். வேலைதான், மறுக்க வேண்டாம். ஆனால் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் போனிலேயே முடிகிறது. சர்வீஸை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளலாம். பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைத் தள்ள முடியாது. ஆண் வேலை என்று ஒதுக்கியவை பெரும்பாலும் தள்ளிப்போடக்கூடியவை. பெண் வேலை என்று ஒதுக்கியவை மணி அடித்தாற்போல வருபவை. எண்ணிக்கையில் சமமாகப் பிரித்துவிட்டு ஆறு மாதம் கழித்து, "பத்துல அஞ்சு நான் செய்யறேன், இன்னும் என்ன குறை" என்று சண்டை வரும் வீடுகளில் நடப்பது இதுதான். அதனால் அவர் எடுக்கும் ஒன்றரை மணி நேரத்தில் தினசரி வேலை இருக்க வேண்டும். உங்கள் நேரங்களைப் பார்த்தால் காலை 6.15 முதல் 7.15 வரை பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, சீருடை, டைரி, தண்ணீர் பாட்டில் வரை அவர் பொறுப்பு. இரவு சாப்பிட்டபின் அரை மணி நேரம் பாத்திரமும் மேடையும் அவர் பொறுப்பு என்று வைக்கலாம். வாரம் ஒருமுறை மாவும் அவருடையதாக இருக்கட்டும்.

மாவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வேலையைத் துண்டாகக் கொடுப்பதற்கும் முழுதாகக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் பளிச்சென்று தெரியும். நீங்கள் ஊறவைத்து, கழுவி, எடுத்துவைத்து, "கொஞ்சம் ஆட்டிக் கொடுங்க" என்றால் அவர் செய்தது சுவிட்சைப் போட்டது மட்டும். முழுதாகக் கொடுப்பது என்றால் உளுந்து தீரப்போகிறதா என்று வெள்ளிக்கிழமையே பார்ப்பதும் அவர்தான். ஞாயிறு மதியம் நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசிக்கு நாலு மணி நேரம், உளுந்துக்கு இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். கிரைண்டரில் முதலில் உளுந்து, 25 முதல் 30 நிமிடம். தண்ணீரைக் குளிர்ச்சியாக, கைகையாகத் தெளிக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து பொங்காது, கல் சூடேறினால் இட்லி கெட்டியாகும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். பிறகு அரிசி, கொஞ்சம் நறநறவென்று. உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாமல் மூடிவைத்தால் 8 முதல் 10 மணி நேரத்தில் புளிக்கும். மார்கழிக் குளிருக்கு 12 ஆகும். காலையில் ஃபிரிட்ஜுக்குள் எடுத்துவைப்பதும், கல்லைக் கழற்றிக் கழுவிக் கவிழ்ப்பதும் அதே வேலையின் வால். அந்த வாலை நீங்கள் செய்தால் வேலை மறுபடி உங்களுடையதாகிவிடும்.

முதல் மூன்று வாரம் நீங்கள் கைகொடுக்கக் கூடாது. இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். "உளுந்து எங்க இருக்கு" என்று கேட்டால் ஒருமுறை சொல்லுங்கள், இரண்டாம் முறை டப்பாவில் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மகளுக்குப் பின்னல் கோணலாகப் போனாலும் பள்ளிக்குப் போகட்டும். "விடுங்க, நானே செஞ்சுக்கறேன்" என்று நீங்கள் வாங்கிக்கொள்ளும் கணத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் இந்த முயற்சி நின்றுபோகிறது.

அத்தையிடம் நீங்கள் பேசாதீர்கள். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது மகனைப் பறித்துக்கொண்ட பேச்சாகத்தான் அவர் காதில் விழும். உங்கள் கணவர், உறவினர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அம்மா, இது நான் ஏத்துக்கிட்ட வேலைங்க. அவ சொல்லிச் செய்யல. துடைப்பத்தைப் பிடுங்காதீங்க" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்ல வேண்டும், மறுமுறை பிடுங்கினால் சிரித்தபடி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் அப்படிப் பிடுங்கியது கெட்ட மனசால் என்று நினைக்க வேண்டாம். தன் மகனை நாலு பேர் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்ற பயம், ஆயுள் முழுக்கத் தான் ஆண்ட ஒரே இடமான அடுப்படியும் போகிறதே என்ற கலக்கம், இரண்டும் அதில் உண்டு. மாவுப் பதத்தை மகன் அவரிடமே கேட்டுக் கற்கட்டும். ஆனால் மகன் பங்கு மெல்ல அத்தையின் மூட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடாமல் பாருங்கள். நோட்டில் அத்தையின் நேரம் கூடினால் ஏற்பாடு தப்பாகப் போகிறது என்று பொருள்.

பிள்ளைகளுக்கு வயதை வைத்து வேலை கொடுங்கள். ஆறு வயதுப் பையன் தன் தட்டை எடுத்துக் கழுவலாம், டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்துத் தொட்டியில் போடலாம், காய்ந்த துணியில் தன்னுடையதை மடிக்கலாம். ஒன்பது வயதில் வெங்காயம் உரிக்கலாம், தண்ணீர் பாட்டில் நிரப்பலாம். தம்பி தட்டை அக்கா எடுக்கக் கூடாது. இதில் மட்டும் ஒரு நாள் கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பணம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். அவர் சம்பளம் கடன் தவணையாகி வீடாக நிற்கிறது. உங்கள் சம்பளம் மளிகையாகவும் பாலாகவும் அந்தந்த மாதமே தீர்ந்துபோகிறது. பத்து வருஷம் கழித்து "வீடு யார் கட்டியது" என்று கேட்டால் உங்களிடம் காட்ட ஒரு சீட்டும் இருக்காது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் வரை போய் வாங்கியது. அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்குத் தொடங்குங்கள். 46,000மும் 32,000மும் சேர்ந்து 78,000. விகிதம் ஏறக்குறைய 59க்கு 41. தவணையும் சேர்த்து மாதச் செலவு 50,000 என்றால் அவர் 29,500, நீங்கள் 20,500 அந்தக் கணக்கில் போடுங்கள். தவணை, மளிகை, கட்டணம் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். மிச்சம் அவரவர் கணக்கில். சம்பளம் கூடியவர் பணத்தைக் கூடப் போடுகிறார், அவ்வளவுதான். அதற்காகப் பாத்திரம் கழுவுவதில் தள்ளுபடி கிடையாது.

நோட்டை இந்த ஞாயிறு தொடங்குங்கள், வேலை கைமாறுவது அடுத்த ஞாயிறு. அவர் ஆட்டும் முதல் மாவு பொங்காமல் போக வாய்ப்பு அதிகம். அப்படிப் போனால் கடைப் பாக்கெட் மாவு வாங்காதீர்கள், அதிலேயே தோசை ஊற்றிச் சாப்பிடுங்கள். மறு ஞாயிறு உளுந்தை இன்னும் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.