காலில் நரம்பு வலியோடு நீண்ட தூரம் ஓடலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: பல வருடங்களாக அரை மாரத்தான் ஓடுகிறீர்கள். மூன்று வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் வரை சுரீரென்று இழுக்கிறது. பெருவிரல் மரத்த மாதிரி இருக்கிறது. ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை) பிடிப்பு என்று தினமும் ஸ்ட்ரெட்ச் செய்கிறீர்கள், குறையவில்லை. ஜனவரியில் சென்னை மாரத்தான் இருக்கிறது. ஓடலாமா?

இப்போதைக்கு ஓட வேண்டாம், நடங்கள். அந்த ஸ்ட்ரெட்ச்சை இன்றே நிறுத்துங்கள். நான் மருத்துவர் இல்லை. இதே வலியால் ஒரு சீசன் முழுவதும் போட்டிகளை விட்டுவிட்டு, பிறகு மீண்டு வந்து, இன்றும் நீண்ட தூரம் ஓடுகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் உதவிய ஒன்றைச் சொல்கிறேன். வலி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எது வரை இறங்குகிறது என்று பாருங்கள்.

அதற்கு முன்னால் அவசரமான விஷயம் ஒன்று. சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப் போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் கசிவது, மலத்தை அடக்க முடியாதது, இரண்டு கால்களிலும் சேர்ந்து வலியும் பலவீனமும் வருவது, இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் முன்பகுதி தரையில் தட்டுகிறது என்றாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, வலிக்கு வருவோம். நீங்கள் சொல்லும் வழித்தடம் சயாட்டிகாவுக்கு, அதாவது இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு அழுத்தப்படுவதால் வரும் வலிக்குப் பொருந்துகிறது. இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கும்போது பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றுதான் பிதுங்கும். எல்4-எல்5 டிஸ்க் (நான்காம், ஐந்தாம் இடுப்பு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருப்பது) என்றால் வழக்கமாக எல்5 நரம்பு வேரை, அதாவது அந்த நரம்பு முதுகெலும்பிலிருந்து கிளம்பும் பகுதியை அழுத்தும். அப்போது காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம், பெருவிரல் என்று உணர்வு மாறும். அதற்குக் கீழே உள்ள டிஸ்க் என்றால் எஸ்1 வேர். அதில் கெண்டைக்காலின் பின்பக்கமும் சுண்டுவிரலும் மரக்கும். எனக்கு வந்தது இரண்டாவது வகை. உங்களுடையது முதல் வகை போலத் தெரிகிறது, ஆனால் அதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

தசையா நரம்பா என்று பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. நாற்காலியில் முதுகைத் தளர்த்திக் கூனி, தலையைக் குனிந்து உட்காருங்கள். வலி லேசாகத் தொடங்கும் வரை அந்தக் காலை மெதுவாக நீட்டுங்கள். காலை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் நிமிர்த்துங்கள். கால் வலி குறைந்தால் பிரச்சினை பெரும்பாலும் நரம்பில். ஹாம்ஸ்ட்ரிங் தசை கழுத்து வரை போவதில்லை, நரம்பு மண்டலம்தான் தலையிலிருந்து பாதம் வரை தொடர்ச்சியாகப் போகிறது.

ஸ்ட்ரெட்ச் ஏன் உதவவில்லை என்பதும் இங்கேதான் புரியும். பிரேக் கேபிள் தன் உறைக்குள் வழுக்கி நகர்வது போல, நரம்பும் சுற்றியுள்ள திசுக்களுக்கு நடுவே நகர வேண்டும். வேர்ப்பகுதியில் வீங்கி, எரிச்சலோடு இருக்கும் நரம்பை நீங்கள் தினமும் மறுமுனையில் பிடித்து இழுக்கிறீர்கள். தொடையின் பின்பக்கம் இறுக்கமாகத் தெரிவதுகூட, நரம்பைக் காப்பாற்ற தசை தானாக இறுகிக்கொள்வதாக இருக்கலாம். இழுப்பதற்குப் பதில் நகர்த்துங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலை நீட்டும்போது அண்ணாந்து பாருங்கள், மடக்கும்போது தலையைக் குனியுங்கள். எந்த இடத்திலும் பிடித்து வைக்கக் கூடாது. வலி தொடங்கும் எல்லைக்குக் கொஞ்சம் முன்பே திரும்பிவிட வேண்டும். பத்துத் தடவை போதும்.

யோகா செய்பவர் என்றால் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தாசனமும் இப்போதைக்கு வேண்டாம். சூரிய நமஸ்காரமும் வேண்டாம், அதிலும் குனிதல் இருக்கிறது. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றுவது, அது ஒத்துவந்தால் புஜங்காசனம் போல மெதுவாக எழும்புவது, இவை பலருக்கு நிவாரணம் தரும். இதில் எது வரை இறங்குகிறது என்ற கணக்கு மிகவும் முக்கியம். நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி 1950களில் கவனித்து, பிறகு ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தது இது. ஒரு பயிற்சிக்குப் பிறகு கெண்டைக்கால் வலி தொடைக்கும், தொடையிலிருந்து பிட்டத்துக்கும் ஏறினால் நல்ல அறிகுறி. முதுகில் வலி கொஞ்சம் கூடினால்கூடப் பயப்பட வேண்டாம். மாறாக, முதுகு சுகமாகி வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது. ஊரில் எல்லோருக்கும் அது குணமாக்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நம்மைப் போல விடியலில் ஓடுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நம் உயரம் மாலையில் இருப்பதைவிட சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல். அந்த உப்பிய நிலையில் குனிவது டிஸ்க்குக்கு அதிக அழுத்தம். நாமோ நாலரை மணிக்கு எழுந்து, கட்டிலிலிருந்து இறங்கிய கையோடு குனிந்து லேஸ் கட்டி, பெசன்ட் நகருக்கு வண்டியில் கிளம்பிவிடுகிறோம். எழுந்து முதல் ஒரு மணி நேரம் முதுகை வளைத்துக் குனியாமல் இருப்பதே பெரிய வித்தியாசம் தரும். ஷூவை நாற்காலியில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கிவைத்துக் கட்டுங்கள். மறுபடி ஓடத் தொடங்கும் முதல் வாரங்களில் முடிந்தால் மாலையில் ஓடுங்கள்.

முழு ஓய்வு வேண்டாம். படுக்கையிலேயே கிடப்பதால் சீக்கிரம் குணமாவதில்லை. ஒரே மூச்சில் நீண்ட நடை போவதைவிட, ஒரு நாளில் பல முறை பத்துப் பத்து நிமிடம் நடப்பது நல்லது. அலுவலகத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். வலிக்கிற காலை யாரிடமும் கொடுத்து எண்ணெய் போட்டு 'நரம்பு எடுத்துவிட'ச் சொல்லாதீர்கள். பிரச்சினை இருப்பது இடுப்பில்.

மாத்திரை பற்றிக் கேட்பீர்கள். நரம்பு வலிக்கான பிரெகாபலின் மாத்திரை பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளை வைத்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், அது வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல் போன்ற பக்கவிளைவுதான் கூடியது. அதற்காக மருத்துவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தக் கூடாது, அவரிடம் கேளுங்கள். இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி எரிகிறது, மரக்கிறது என்றால் அது வேறு கதை. சர்க்கரையும் வைட்டமின் பி12-ம் பரிசோதிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் பாதத்தின் மேல்பக்கம் மரத்தால் முதலில் லேஸைத் தளர்த்திப் பாருங்கள்.

எம்ஆர்ஐ எடுத்து, அதில் 'டிஸ்க் பல்ஜ்' என்று இருப்பதைப் பார்த்து மனம் உடைந்த ஓட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வந்த கட்டுரையின்படி, வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. உங்கள் காலில் நடப்பதோடு பொருந்தினால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு. 'ஓடினதால்தான் டிஸ்க் தேய்ந்தது' என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நீண்ட காலமாகத் தொடர்ந்து ஓடுபவர்களின் டிஸ்க்குகள், உடற்பயிற்சியே இல்லாதவர்களின் டிஸ்க்குகளைவிட நீர்ச்சத்து அதிகமாக, நல்ல நிலையில் இருந்தன. குணமானதும் ஓட்டத்துக்குத் திரும்புவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும். குறையாவிட்டால் ஊசி, அறுவை சிகிச்சை என்று பேச்சு வரும். நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா இருந்த 283 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்த தரப்பில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வலி தாங்க முடியாதவருக்கு அது தோல்வி இல்லை.

எப்போது மறுபடி ஓடலாம்? நாற்பது நிமிடம் வேகமாக நடந்தும், அப்போதும் மறுநாள் காலையிலும் வலி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. குதிகாலில் மட்டும் நடந்து பாருங்கள், இரண்டு பாதமும் ஒரே அளவு உயர வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவதிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். எனக்கு வலி போன பிறகும் இந்தக் கடைசிப் பயிற்சியில் இடது கால் வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. வலி போவதும் பலம் திரும்புவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

தொடங்கும்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நரம்பின் பதில் பெரும்பாலும் தாமதமாக வரும், அதனால் ஓடிய அன்று சுகமாக இருந்தது என்று மறுநாளே தூரத்தைக் கூட்ட வேண்டாம். அடியைச் சின்னதாக வையுங்கள். காலை முன்னால் நீட்டி நீட்டி வைத்தால், ஸ்ட்ரெட்ச்சில் செய்த அதே இழுப்பு ஒவ்வொரு அடியிலும் நடக்கும். வேகப் பயிற்சியும் மேம்பாலங்களும் கடைசியாக வரட்டும்.

ஜனவரியைப் பொறுத்தவரை, டிசம்பர் தொடக்கத்துக்குள் அரை மணி நேரம் விடாமல் ஓடி, மறுநாள் காலை கால் அமைதியாக இருந்தால் 10 கி.மீ. பிரிவில் நிதானமாக ஓடுங்கள். அப்போதும் வலி கெண்டைக்கால் வரை வந்துகொண்டிருந்தால் இந்த வருடப் போட்டியை விட்டுவிடுங்கள். இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். முதல் நாளே காலின் பலத்தையும், உணர்வையும், குதிகால் தசைநாணின் அனிச்சைச் செயலையும் சோதித்துப் பார்ப்பவரிடம் போங்கள். எடுத்த உடனே மெஷினை வைத்துப் படுக்கவைப்பவரிடம் வேண்டாம்.