அம்மா கேட்காத பாதுகாப்பு

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்:

"என் அம்மாவுக்கு இப்போது 81 வயது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்குச் சட்டம் போட்ட நாள் தொடக்கம் ஏறக்குறைய ஒன்றரை வருடம் அவரை நாங்கள் கேற்றுக்கு வெளியே விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போவதை நிறுத்தினோம். ஒருநாள் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார் என்பதற்காகக் கேற்றுக்குப் பூட்டும் போட்டோம். 2021 ஓகஸ்டில் அப்பா இருதய நோயால் இறந்தபோது, விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் செத்தவீட்டுக்கு வந்தார்கள். 'என்னைக் கேட்டா பூட்டினீங்கள்?' என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார். இப்போது ஊரில் மறுபடியும் காய்ச்சலும் இருமலுமாக இருக்கிறது. டொரொன்டோவில் இருக்கும் அண்ணா நாள்தோறும் கோல் எடுத்து, ஆடி அமாவாசைக்கு அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்கிறார். அம்மா போயே தீருவேன் என்கிறார். நாங்கள் செய்தது பிழையா? வயதானவர்கள் இந்தப் பாதுகாப்பை உண்மையில் விரும்புகிறார்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதற் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் மாதத்தில் நீங்கள் அம்மாவை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது பிழையில்லை. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, வயது ஏற ஏற ஆபத்தும் செங்குத்தாக ஏறுகிறது என்பது மட்டும் வெளிநாட்டுச் செய்திகளிலிருந்து தெரிந்திருந்தது. பின்னர் எங்கள் நாட்டில் இறந்தவர்களிலும் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்களாகவே இருந்தார்கள். ஆகவே உங்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அம்மா கேட்பது அந்தப் பயத்தைப் பற்றியல்ல. அவருடைய வாக்கியத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். "ஏன் பூட்டினீங்கள்" என்று அவர் கேட்கவில்லை, "என்னைக் கேட்டா" என்றுதான் கேட்கிறார். (கேற்றைப் பூட்டுவது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். நானும் 28 வருடம் படிப்பித்தவன் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை.)

வயதானவர்கள் விரும்புகிறார்களா என்று நீங்கள் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. வயதானவர்கள் என்று ஒருவர் இல்லை. பாலையூற்றில் இருந்த என் சின்னம்மாவுக்கு அப்போது 84 வயது. அவரை யாரும் பூட்டவில்லை, அவரே பூட்டிக்கொண்டார். மீன்காரர் சைக்கிளை நிறுத்திக் ஹோர்ன் அடித்ததும், மதிலின் மேல் ஒரு சட்டியையும் அதற்குள் காசையும் வைத்துவிட்டு, முற்றத்து மாமரத்தடிவரை பின்வாங்கி நிற்பார். மிச்சக் காசு வந்தால் அதை மஞ்சள் தண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, அடுத்த நாள்தான் கையால் தொடுவார். பேரன் படலையில் நின்று கதைத்துவிட்டுப் போக வேண்டியதுதான், விறாந்தையில் ஏற விடமாட்டார். 2021 ஒக்டோபர் முதலாம் திகதி நாடு திறந்த பிறகும் மாதக்கணக்காக அவர் வெளியே வரவில்லை. "இவ்வளவு பேர் வெளியில திரியிறாங்கள், ஒருத்தருக்கும் உயிர்ப்பயம் இல்லையா?" என்று எங்களைத்தான் ஏசினார். சட்டம் இன்னும் இறுக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பது கடைசிவரை அவருடைய கட்சி.

அதே காலத்தில், துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர், டச்சுக்குடாக் கடற்கரையில் ஒவ்வொரு பின்னேரமும் மூன்று பேரோடு இருந்து கதைக்கும் வழக்கத்தை விட முடியாமல் தவித்தார். அவர்களில் ஒருவர் கொரோனாவில் போனார். இன்னொருவர் வீட்டுக்குள் இருந்தே போனார். நடை நின்றது, பசி குறைந்தது, கால் தசை வற்றியது, குளியலறையில் விழுந்தார், அதன் பிறகு எழும்பவில்லை. வயதான உடம்பு சில கிழமைகள் சும்மா கிடந்தாலே இழக்கும் பலத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம் என்பதை எந்த வைத்தியரும் சொல்வார். அந்தச் சாவு கொரோனாக் கணக்கில் ஏறவில்லை. இரண்டு பேரையும் தெரிந்த எனக்கு, கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல இன்றுவரை வாய் வருவதில்லை.

உலகம் முழுவதும் இந்தக் கேள்விக்கு முதியவர்களின் பெயரால் மற்றவர்கள் பதில் சொன்னார்கள். 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் துணை ஆளுநர் டான் பாட்ரிக், பேரப்பிள்ளைகளுக்காக நாட்டின் பொருளாதாரம் காப்பாற்றப்படும் என்றால் தங்கள் உயிரைப் பணயம் வைக்கத் தாத்தா பாட்டிமார் பலர் ஆயத்தமாக இருப்பார்கள் என்ற கருத்தைத் தொலைக்காட்சியில் சொன்னார். அவருக்கும் அப்போது 70 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தனக்காக அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, பக்கத்து வீட்டுக் கிழவிக்காகச் சொல்ல இல்லை. அதே மாதத்தில் துருக்கி 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அனைவரையும் வீட்டுக்குள் இருக்கும்படி உத்தரவிட்டது. மே மாதம் 10ஆம் திகதிதான் முதற் தடவையாக நான்கு மணித்தியாலம் வெளியே விட்டது. கொலம்பியாவில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு இதைப்போன்ற தடை வந்தபோது, அந்த வயதுக்காரர் சிலர் ஒன்றுசேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 'நரைமுடிகளின் கலகம்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தங்களுக்கு நோய் வராது என்று அவர்கள் வாதாடவில்லை. வயது வந்த மற்றவர்களைப் போலத் தங்களுக்கும் ஆபத்தை நிறுக்கத் தெரியும், பிள்ளைகளைப் போல நடத்த வேண்டாம் என்பதே அவர்களுடைய வழக்கு.

எங்கள் நாட்டில் நடந்தது வேறு. முதியவர்கள் வெளியே வராதிருப்பது நல்லது என்ற அறிவுரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் ஊரடங்கு எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. 2021 மே மாதத்தில் யார் எந்த நாளில் வெளியே வரலாம் என்று பார்த்தபோதும், அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைத்தான் பார்த்தார்கள், பிறந்த வருடத்தை அல்ல. வயதைப் பார்த்துப் பூட்டிய உத்தரவு இங்கே வீடுகளில் பிறந்தது. அரசாங்கத்தின் உத்தரவென்றால் வழக்குப் போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம், குறைந்தது திட்டவாவது செய்யலாம். மகள் அன்பினால் போட்ட பூட்டுக்கு எதிராக ஒரு தாய் எங்கே போய் முறையிடுவார்? உங்கள் அம்மாவுக்கு இருந்த ஒரே நீதிமன்றம் நீங்கள்தான். அவர் இன்றுவரை அதே வழக்கைத் திரும்பத் திரும்ப உங்களிடம் கொண்டுவருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், கோபிக்காதீர்கள். அந்த ஒன்றரை வருடத்தில் வீட்டுக்குள் வைரஸ் வரக்கூடிய வழி அம்மாவின் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல. கடைக்குப் போய் வந்தவர்கள், வங்கிக்குப் போய் வந்தவர்கள், இடையிடையே பாடசாலை திறந்தபோது போய் வந்தவர்கள் நீங்கள்தான். கட்டுப்பாட்டின் பாரம் முழுவதையும் மிகக் குறைவாக வெளியே போன ஒருவரின் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் வழக்கம்போல வந்துபோன வீடுகள் அன்றைக்கு ஏராளம். என்னுடைய வீடும் அவற்றில் ஒன்று.

அப்பாவின் செத்தவீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கோபத்தின் வேர் அதில்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் கூட இருந்தவரை, கூடிநின்று அழ ஆளில்லாமல் அனுப்பிவைத்த ஒருவருக்கு, தன்னுடைய சாவைவிடத் தன்னுடைய சாவும் அப்படி நடந்துவிடுமோ என்பதே பெரிய பயமாக இருக்கலாம். பாதுகாப்பு வேண்டாம் என்று அவர் சொல்வதாக உங்களுக்குக் கேட்கிறது. எதிலிருந்து பாதுகாப்பு என்பதில் உங்களுக்கும் அவருக்கும் கருத்து வேறு என்பதுதான் விஷயமாக இருக்கக்கூடும். ஆடி அமாவாசைக்குக் கடற்கரைக்கு வந்தே தீருவேன் என்று அவர் நிற்பதை அடம் என்று எடுக்காதீர்கள். அன்றைக்குச் செய்ய முடியாமல் போனதில் ஒரு பங்கை இன்றைக்குச் செய்ய நினைக்கிறார்.

ஆகவே கூட்டிக்கொண்டு போங்கள் என்பதே என் எண்ணம், அதுவும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாக. உங்கள் அண்ணா கடற்கரைக் கூட்டத்துக்குப் பயப்படுகிறார். காற்று வீசும் திறந்தவெளியில் இந்தக் கிருமிகள் பரவுவது மூடிய இடத்தைவிட மிகக் குறைவு. நான் பயப்படுவது போகிற வாகனத்துக்கு. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, எட்டுப் பேரை ஏற்றிய வானில் ஒருவர் இருமினால் போதும். திறந்த ஆட்டோவில் நீங்களும் அம்மாவுமாக விடியற்காலையிலேயே போய், கூட்டம் சேருமுன் கடலில் கால் நனைத்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பலாம். நெருக்கடியான இடத்தில் முகக்கவசம் போடும்படி கேளுங்கள். அன்னதான மண்டபத்துக்குள் நெருங்கியிருந்து சாப்பிடுவதை விட்டு, விரதச் சாப்பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களில் காய்ச்சலோ தடிமனோ உள்ளவர்கள் வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது உங்கள் வேலை. தடுப்பூசி பற்றி அவர் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் கேளுங்கள், அவரையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். வைத்தியர் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னால், அம்மாவின் பக்கம் கையைக் காட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் அவருக்கு நோய் வரலாம். அதை மறைத்து எழுதினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அப்படி வந்தால் என்ன வேண்டும் என்பதையும் இப்போதே, அவர் சுகமாக இருக்கும்போதே, அவரிடம் கேட்டுவிடுவது நல்லது. வைத்தியசாலைக்குப் போக விருப்பமா, எந்தக் கட்டம்வரை, பக்கத்தில் யார் இருக்க வேண்டும், அண்ணா வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பவை எல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். சின்னம்மாவிடம் நாங்கள் இதைக் கேட்டபோது அரை மணித்தியாலம் மூச்சுவிடாமல் சொன்னார். எந்தச் சேலை என்பதுவரை சொன்னார்.

அம்மா வேறு விதமாகவும் பதில் சொல்லக்கூடும் என்பதற்கும் ஆயத்தமாக இருங்கள். "சரி, இந்த முறை கூட்டம் வேண்டாம், வீட்டிலேயே விளக்கேற்றுவம்" என்று அவரே சொன்னால் அண்ணா வென்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அது அவருடைய முடிவு. அடுத்த கிழமை அதை அவர் மாற்றினாலும் அதுவும் அவருடைய முடிவுதான்.

அண்ணாவை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் கிரியையைத் தொலைபேசித் திரையில் பார்த்த மகன் அவர். தூரத்தில் இருப்பவரின் பயம் நாள்தோறும் கோல் எடுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயம் அவருடையது, அதை அவருடையதாகவே அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். "நீங்கள் போகக் கூடாது" என்பதற்குப் பதிலாக, "எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா, உங்களையும் நான் திரையில் பார்க்க வேண்டி வந்துவிடுமோ என்று நித்திரை வருவதில்லை" என்று அவர் சொல்லட்டும். அதற்கு அம்மா என்ன சொல்வார் என்று உங்களைவிட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தாயிடம் சொல்லக்கூடிய பேச்சு அது.

கேற்றுப் பூட்டு இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதற்குப் பெரும்பாலும் இரண்டு சாவி இருக்கும். ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பின்னேரம் விளக்கு வைத்த பிறகு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அண்ணாவின் கோல் வருமுன் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், இரவு அண்ணாவுக்கு வாசித்துக் காட்டலாம்.