ஆட்டிசம் பயமும் அந்தக் குளிர் நடுக்கமும்

நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஆட்டிசம். கர்ப்பிணிக்கு வரும் காய்ச்சல் வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிடும் என்று இரவெல்லாம் இணையத்தில் படித்திருக்கிறீர்கள். யாரும் எழுதித் தராமலே லேபுக்குப் போய் சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்று உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள் எடுத்து, இரண்டும் கூடுதல் என்று தூக்கத்தையும் தொலைத்திருக்கிறீர்கள். எனக்குக் கவலை வந்தது கடைசி அரைப் பக்கத்தில். 20ஆவது வாரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். மாமியார் 'உடம்புச் சூடு' என்று இளநீர் கொடுத்தார். கணவருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்து மிச்சமிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக்கில் நான்கு மாத்திரை போட்டீர்கள். இரண்டு வாரமாகக் காய்ச்சல் இல்லை, ஆகவே சரியாகிவிட்டது என்கிறீர்கள்.

ஆட்டிசத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் படித்ததற்கு மூலம் எலி ஆய்வுகள். 2007இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார், வைரஸ் வந்ததுபோல உடலை ஏமாற்றும் ஒரு பொருளைச் சினை எலிக்கு ஊசியில் ஏற்றினார்கள். தாயின் உடலில் ஊறும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம்தான் குட்டிகளின் நடத்தையை மாற்றுகிறது என்று கண்டார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் எலியில். மனிதரில், ஸ்வீடனில் சுமார் ஐந்தரை லட்சம் குழந்தைகளை வைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்றே கூடுதல். ஆனால் கர்ப்பத்துக்கு முந்தைய வருடம் தொற்று வந்த தாய்மாரிடமும் அதே கூடுதல்! ஒரே தாய் பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டபோது வித்தியாசமே காணோம். பிள்ளை கருவிலேயே இல்லாத வருடத்தில் வந்த காய்ச்சல் அதன் மூளையை எப்படித் தொடும்? அந்தக் குடும்பங்களின் மரபணுவிலோ சூழலிலோ வேறு காரணம் இருக்க வேண்டும்.

சிஆர்பியும் ஈஎஸ்ஆரும் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். அந்தச் சீட்டை மடித்து வையுங்கள். நீங்கள் கேட்ட வெள்ளைப்படுதல் அரிப்போ நாற்றமோ இல்லாமல் இருந்தால் கவலை வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டது சரியான காரியம்.

இனி விலா வலி. கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்ரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடும். கருப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சாய்வதால் அந்தப் பக்கக் குழாய் அதிகம் அழுந்தும். நீர் தேங்கினால் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். உங்களுக்கு வந்தது அதுவாகத்தான் இருக்கும். சாதாரண நீர்க்கடுப்பு உடம்பைத் தூக்கிப் போடும் நடுக்கத்தைத் தராது. சிறுநீரகத் தொற்றை விட்டால் கிருமி ரத்தத்தில் கலக்கும், நுரையீரலில் நீர் கோர்க்கும், குறைமாதப் பிரசவ வலியும் வரலாம். உங்கள் பிள்ளைக்கு அழற்சியால் உண்மையிலேயே ஆபத்து இருந்தால் அது இந்த வழியில்தான். இதைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூட நீங்கள் தேடவில்லை.

நான்கு மாத்திரையில் கிருமி சாகாது, பதுங்கும். எரிச்சல், காய்ச்சல் எதுவும் காட்டாமல் சிறுநீரில் கிருமி இருப்பது கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு உண்டு. கவனிக்காமல் விட்டால் அவர்களில் முப்பது சதவீதம் வரை சிறுநீரகத் தொற்றில் போய் முடியலாம். 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் கிருமி இருந்தால் தொற்று என்று கோடு போட்டார். இன்றும் லேபில் அந்தக் கணக்குதான். மாதப் பரிசோதனையில் பார்க்கும் ஆல்புமினும் சர்க்கரையும் இதைக் காட்டாது.

ஆகவே யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேபில் தரும் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு நாள் ஆகும். எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்பதும் அதிலேயே இருக்கும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சிப்ரோஃப்ளாக்சசின் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் நாங்கள் தவிர்க்கும் மருந்து அது. ஆனால் குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்த பிறகு போட்ட நான்கு மாத்திரைக்காக அழ வேண்டியதில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் ஒருமுறை கல்ச்சர் எடுக்க வேண்டும், இது திரும்பி வரும் வியாதி.

மறுபடி குளிர் நடுக்கமும் விலா வலியும் சேர்ந்து வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போது மருந்து நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கும், மாத்திரையில் நிற்காது. போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவரிடம் காட்டுவதற்கு மட்டும்.