ஈசிங்க், எஃப்சிங்க், என்டிசிங்க்: லினக்ஸ் கேமர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, இந்த மூன்றும் என்ன? கேம் விளையாட இதெல்லாம் எதற்கு?

விண்டோஸ் கேம் ஒன்று ஒரே நேரத்தில் பல திரெட்களில், அதாவது இணையாக ஓடும் வேலைச் சரடுகளில், ஓடும். ஒரு திரெட் வேலையை முடிக்கும்வரை இன்னொன்று காத்திருக்க மியூடெக்ஸ், செமஃபோர், ஈவென்ட் என்று சிலவற்றை விண்டோஸ் தருகிறது. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருளான ஒயின் இவற்றை ஒயின்சர்வர் என்ற தனி புராசஸில் வைத்து நடத்துகிறது, அதுவும் ஒற்றை திரெட்டில். ஊரே வரிசையில் நிற்கும் ரேஷன் கடையில் பில் போட ஒரே ஆள் இருந்தால் எப்படியோ அப்படித்தான், கேமின் திரெட்கள் எல்லாம் அங்கே போய் நின்று திரும்ப வேண்டும். இந்தப் போய்வருதலைக் குறைக்க வந்தவைதான் மூன்றும். மூன்றுக்கும் பின்னால் இருப்பவர் ஒயின் டெவலப்பர் எலிசபெத் ஃபிகுரா.

வித்தியாசம் என்ன ப்ரோ? சுருக்கமாக.

2018-இல் வந்த ஈசிங்க், லினக்ஸில் சைகை அனுப்பும் வசதியான ஈவென்ட்எஃப்டியைப் பயன்படுத்துகிறது. மியூடெக்ஸ், ஈவென்ட் போன்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கு லினக்ஸ் தரும் எண்) செலவாகும், அதனால்தான் பழைய கணினிகளில் லிமிட்டை 524288 ஆக உயர்த்தச் சொன்னார்கள். 2019-இல் எஃப்சிங்க், திரெட்களைக் காத்திருக்க வைக்கும் லினக்ஸ் வசதியான ஃபியூடெக்ஸ் வழியாக. அதற்கு வேண்டிய ஃபியூடெக்ஸ் வெயிட்வி லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில், 5.16 பதிப்பில்தான் சேர்ந்தது. என்டிசிங்க் ஒரு கெர்னல் டிரைவர், 6.14 முதல் முழுமையாக இருக்கிறது.

என்டிசிங்க் போட்டால் 678 சதவீதம் வேகம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு ப்ரோட்டானில் (ஸ்டீமோடு வரும் ஒயின் வடிவம்) ஒரு எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்) கூட ஏறவில்லையே?

ஏறாதுதான், உங்கள் கணினியில் ஒரு குறையும் இல்லை. அந்த எண் கெர்னல் பேட்ச்சோடு வந்த அட்டவணையில் இருப்பது: டர்ட் 3 கேம் 110.6-இலிருந்து 860.7 எஃப்பிஎஸ்ஸுக்குப் போனது. ஆனால் எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை வீடியோ போடுகிறவர்கள் சொல்வதில்லை. ஈசிங்க், எஃப்சிங்க் எதுவும் இல்லாத வெறும் ஒயினோடு ஒப்பிட்ட கணக்கு அது. ப்ரோட்டானிலோ 2019 முதலே எஃப்சிங்க் இருக்கிறது, அதாவது அந்த வேகத்தின் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம், ஜிபியு திணறும் கேமில் எதை மாற்றினாலும் எண் அசையாது. யாராவது சிங்க் பெஞ்ச்மார்க் காட்டினால் எதற்கு எதிராக என்று முதலில் கேளுங்கள்.

வேகம் ஏறாது என்றால் என்டிசிங்க் எதற்கு?

சரியாக நடப்பதற்கு. எனக்கு இதுதான் முக்கியம். விண்டோஸில் ஒரு திரெட் பல பொருள்களுக்காகக் காத்திருந்து எல்லாவற்றையும் ஒரே அசைவில் எடுத்துக்கொள்ள முடியும். ஈசிங்க்கும் எஃப்சிங்க்கும் அதை ஒவ்வொன்றாக எடுத்து, இடையில் ஒன்று கைநழுவினால் எடுத்ததைத் திருப்பி வைத்து, மறுபடி முயல்கின்றன, அந்த இடைவெளியில் வேறு திரெட் புகுந்துவிடலாம். காத்திருப்பவர்களை ஒரு நொடி எழுப்பிவிடும் விண்டோஸ் கட்டளையான பல்ஸ்ஈவென்ட்டும் அப்படியே, எழுப்பும் சைகையைக் காத்திருக்கும் திரெட் தவறவிடக்கூடும். எப்போதாவது கேம் உறைந்து நிற்பதற்கு இப்படி ஒரு காரணமும் உண்டு. இந்த ஓட்டைகளால்தான் முந்தைய இரண்டும் அதிகாரபூர்வ ஒயினில் சேரவே இல்லை. என்டிசிங்க் இதை கெர்னலுக்குள்ளேயே முறையாகச் செய்வதால், ஜனவரி 2026-இல் வெளியான ஒயின் 11-இல் இடம்பிடித்தது.

எது ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

கேம் மேலேயே எஃப்பிஎஸ் போன்றவற்றைக் காட்டும் மேங்கோஹட்டில் ஒயின்சிங்க் என்ற ஆப்ஷனைப் போட்டால் திரையிலேயே காட்டும். என்டிசிங்க்குக்கு டெவ் அடைவில் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிரைவரின் மாட்யூல் கெர்னலில் ஏறவில்லை, மோட்ப்ரோப் கட்டளை கொடுத்து ஏற்றுங்கள்.

டெபியன் 13 வைத்திருக்கிறேன். எனக்கு?

அதனோடு வரும் கெர்னல் 6.12, அதில் என்டிசிங்க் இயங்காது. ப்ரோட்டானில் எஃப்சிங்க்கோடு விளையாடுங்கள். ஏதாவது ஒரு கேம் அடிக்கடி உறைந்தால் அதற்கு மட்டும் எஃப்சிங்க்கையும் ஈசிங்க்கையும் அணைத்துப் பாருங்கள். உறைவது நின்றுவிட்டால் புதிய கெர்னலுக்குப் போக அது நல்ல காரணம்.

இது விசிங்க் மாதிரியா?

இல்லை. அது மானிட்டரோடு ஃபிரேமைப் பொருத்துவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

லினக்ஸுக்கென்றே வந்த நேட்டிவ் கேம்களுக்கு?

தேவையில்லை, அவை ஒயின் வழியாக ஓடுவதில்லை.