விதைக் காணிக்கையும் வாக்குத்தத்த அட்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

என் கணவர் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 11 வருஷம் வேலை பார்த்தார். போன மாதம் ஆள்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். வருஷக் கடைசி இரவின் வாட்ச்நைட் ஆராதனையில், புது வருஷத்துக்கென்று எங்கள் வீட்டுக்கு எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எரேமியா 29:11 வந்திருந்தது. இப்போது ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர் மல்கியா 3:10-ஐக் காட்டி, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) விதைக் காணிக்கை கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும், கையை மூடினால் ஆசீர்வாதமும் மூடிக்கொள்ளும் என்றார். இபிஎஃப் சேமநிதியில், எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் கொஞ்சம் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கலாமா? கர்த்தர் எங்களை ஆசீர்வதிக்க உண்மையாகவே விரும்புகிறாரா, இல்லை எங்கள் விசுவாசத்தில்தான் குறையா?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

விரும்புகிறார். இதில் தயக்கமே வேண்டாம். எண்ணாகமம் 6:24-26-ஐ எடுத்துப் பாருங்கள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் அந்த வார்த்தைகளை ஜனங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. இப்படிச் சொல்லி ஆசீர்வதியுங்கள் என்று கர்த்தரே ஆசாரியனான ஆரோனுக்குக் கற்றுக்கொடுத்தார். 27-ஆம் வசனத்தில் வேலைப் பங்கீடும் தெளிவாக இருக்கிறது: ஆசாரியன் நாமத்தைக் கூறுவான், ஆசீர்வதிப்பது நான் என்கிறார். அங்கே காணிக்கைத் தொகை ஒன்றும் இல்லை. எருசலேமுக்கு அருகே கேத்தேப் இன்னோமில் 1979-இல் ஒரு கல்லறையிலிருந்து இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2,600 ஆண்டுப் பழையவை. இந்த ஆசீர்வாதத்தின் வரிகள்தான் அவற்றில் கீறப்பட்டிருந்தன. 'காக்கக்கடவர்' என்பதைக் கூடவே வைத்துக்கொள்ள மனிதருக்கு அன்றைக்கும் தேவை இருந்திருக்கிறது.

அட்டையில் வந்த வசனத்துக்கு வருவோம். அதைத் தனியாகப் படிக்காதீர்கள். 28-ஆம் அதிகாரத்திலிருந்து 29:14 வரை ஒரே மூச்சில் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொன்னான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. எரேமியா சொன்ன கணக்கு 70 வருஷம் (29:10). அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். நீங்களும் 70 வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் வந்த 29:11-இல் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்றவர், அந்த நினைவுகளை அந்நிய ஊரின் கத்தரிப்பாத்திக்கும் கலியாணத்துக்கும் நடுவில்தான் வைத்தார். அட்டையில் தவறு ஒன்றும் இல்லை. அதற்கு நாமாக 'இந்த வருஷத்துக்குள்' என்று கெடு வைத்து, டிசம்பரில் நம் விசுவாசத்தையே குற்றவாளிக்கூண்டில் நிறுத்துகிறோமே, தவறு அங்கேதான்.

அந்த ஊழியர் காட்டிய மல்கியா 3:10, தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறது. அந்தப் பண்டசாலை என்பது ஆலயத்துத் தானிய அறை. அங்கே போனவை தானியம், திராட்சரசம், எண்ணெய். எதற்கு? "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று வசனமே சொல்கிறது. ஆலய வேலை செய்த லேவியருக்குச் சொந்த நிலம் கிடையாது. பங்கு வராமல் நின்றபோது அவர்கள் வேலையை விட்டு வயலுக்கு ஓடிப்போனார்கள் (நெகேமியா 13:10). பலகணி திறப்பதும் பட்சித்துப்போடுகிறதைக் கண்டிப்பதும் விவசாயிக்குச் சொன்ன மழையும் வெட்டுக்கிளியும். விளைச்சல் இருந்தும் பங்கைப் பிடித்துவைத்தவர்களிடம் பேசிய வார்த்தை அது. இன்னொரு சட்டத்தையும் பாருங்கள்: உபாகமம் 14:28-29-இன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஊர்வாசலிலேயே வைக்கப்படும், லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைவார்கள். சம்பளம் நின்றுபோன வீடு அந்தப் பந்தியில் உட்கார வேண்டிய வீடு. உங்களிடம் போய் ஆயிரம் வெள்ளி கேட்பது தசமபாகச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பஞ்சகாலத்தில் சாறிபாத் ஊர் விதவை எலியா தீர்க்கதரிசிக்குக் கடைசி மாவைக் கொடுக்கவில்லையா என்று அந்த ஊழியர் கேட்கலாம். கொடுத்தாள், அவளுக்கென்று வந்த ஒரு வார்த்தையின்மேல். எலியா அந்த மாவை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடவில்லை. அதே வீட்டில் தங்கி, அவளும் அவள் பிள்ளையும் சாப்பிட்டதையே சாப்பிட்டார். அங்கே பானை நிரம்பி வழிந்ததாகவும் இல்லை. மழை வரும்வரை மா தீரவில்லை, அவ்வளவுதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னாவும் அப்படியே. ஆளுக்கு ஓர் ஓமர், நம் கணக்கில் சுமார் இரண்டு லிட்டர். மறுநாளைக்கு வைத்தது புழுத்தது. அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. இந்த வரியைத்தான் பவுல் 2 கொரிந்தியர் 8:15-இல் எடுத்து, இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுங்கள் என்று சபைக்குச் சொல்கிறார். மூன்று வசனம் முன்னால், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே காணிக்கை அங்கிகரிக்கப்படும் என்கிறார். ஆராதனையில் பத்து வெள்ளி போட மனமிருந்தால் போடுங்கள். கட்டாயத்தில் வேண்டாம்.

விசுவாசக் குறையா என்று கேட்டீர்கள். பட்டினியும் கிடந்தேன் என்று எழுதிய பவுலிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

மூன்றாம் கணக்குப் பணம் அரிசிக்கும் வாடகைக்கும் இருக்கட்டும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் இல்லாதவர் என்றால், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆள்குறைப்பில் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. 11 வருஷத்துக்கு 220 நாள். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதியும் இருக்கிறது: சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. உச்சவரம்பு உண்டு, எத்தனை மாதம் என்பது சந்தாவைப் பொறுத்தது. தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. ஆகவே 'ராஜினாமா' என்று எழுதிய எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் போதகரிடமும் செல் குழுத் தலைவரிடமும் நேராகச் சொல்லுங்கள். 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. வாடகை எவ்வளவு, பிள்ளைகளின் பஸ் கட்டணம் எவ்வளவு என்று தொகையோடு சொல்லுங்கள். விதவைகளின் தினசரிப் பந்தி விட்டுப்போனபோது எருசலேம் சபை ஏழு பேரை அதற்கென்றே நியமித்தது (அப்போஸ்தலர் 6).

சொக்சோவில் விண்ணப்பிக்க வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான். போன மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடையாள அட்டை, பணிநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் இவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.