தினமும் 56 கிலோமீட்டர், வருடத்துக்கு இரண்டு தடவை மூணாறு: எந்த வண்டி எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 31. குடிமங்கலம் பக்கம் கிராமம். பல்லடத்தில் நூல் மில்லில் வேலை, போக வர தினமும் 56 கிலோமீட்டர். உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 62 கிலோ. 2013-ல் வாங்கிய 100 சிசி வண்டிதான் இப்போதும் ஓட்டுகிறேன். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அப்பா அதையே தோப்புக்கும் பால் சொசைட்டிக்கும் எடுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமை மனைவி, மூன்று வயது மகளோடு மாமியார் வீட்டுக்குப் போவோம். வருடத்துக்கு இரண்டு தடவை நண்பர்களோடு மூணாறு. அவர்கள் எல்லோரும் 350 சிசி வைத்திருக்கிறார்கள், என்னையும் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் 125 போதும் என்கிறார்கள். பழைய வண்டியை எக்சேஞ்ச் போட்டுவிட்டு எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பாதிப் பதில் இருக்கிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் மில்லுக்கு மட்டும் வருடத்துக்குச் சுமார் 17,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 2,000 என்று வைத்துக்கொள்ளலாம். மூணாறு இரண்டு தடவை போய்வந்தால் மொத்தம் 400 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு இரண்டுதான் மலையில். நண்பர்கள் அந்த இரண்டைப் பார்த்து 350 என்கிறார்கள். வீட்டில் பெட்ரோல் செலவைப் பார்த்து 125 என்கிறார்கள். மீதி 98 கிலோமீட்டர் எப்படிப்பட்ட ரோடு என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

குடிமங்கலம் - பல்லடம் ரோடு எனக்கு நன்றாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து விழுகிற இடம். சுற்றிலும் காற்றாலைகளை அதற்காகத்தான் நட்டிருக்கிறார்கள். வைகாசி கடைசியில் ஆரம்பித்தால் ஆவணி முடியும்வரை பக்கவாட்டுக் காற்று ஓயாது. உங்கள் 100 சிசி வண்டியின் எடை சுமார் 112 கிலோ, அதன்மேல் நீங்கள் 62. லாரியை ஓவர்டேக் செய்யும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். லாரியின் மறைவில் இருக்கும்வரை காற்று இல்லை, வண்டி அமைதியாகப் போகும். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று மொத்தமாக வந்து அடிக்கும், முன்சக்கரம் ஒரு அடி நகர்ந்துவிடும். அந்த நொடியில் கைகள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும், ஆட்டம் இன்னும் கூடும். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு கைகளைத் தளர்த்தி, வேகத்தை 50-க்குக் கீழே இறக்குவதுதான் வழி. எந்த வண்டி எடுத்தாலும் ஆடி மாதத்தில் இதை மறக்காதீர்கள்.

ஆகவே எடை கொஞ்சம் கூடினால் உங்களுக்கு நல்லது. 350-க்கு ஆதரவாக நான் மனதாரச் சொல்லக்கூடிய காரணமும் இதுதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ, காற்றில் அசையாமல் போகும். ஆனால் அந்த 195 கிலோவை ரோட்டில் மட்டும் சமாளித்தால் போதாது.

போன வருடம் உங்கள் உயரமே உள்ள ஒரு பையன் 350 எடுத்தான். மூன்றாவது நாளே கிளட்ச் லீவர் உடைந்து என் பட்டறைக்கு வந்தான். விழுந்த இடம் அவன் வீட்டு வாசல். ரோட்டை விட இரண்டு அடி உயரமான வாசலுக்குச் சிமெண்டில் ஒரு சாய்வு போட்டிருக்கிறார்கள். அதில் ஏற்றி நிறுத்திய வண்டியைக் காலையில் பின்னால் இறக்கும்போது ஒரு கால் தரைக்கு எட்டவில்லை. வண்டி சாய்ந்தது, பிடித்து நிறுத்த முடியவில்லை. 112 கிலோ வண்டி சாய்ந்தால் இடுப்பைக் கொடுத்து நிமிர்த்திவிடலாம். 195 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் விட்டுவிட்டு விலகுவதுதான் புத்திசாலித்தனம். அவன் விலகவில்லை, கணுக்கால் வீங்கிக் கிடந்தான்.

சீட் உயரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளாசிக் 350-க்கு 805 மில்லிமீட்டர், 100 சிசி ஸ்பிளெண்டருக்கு 785 என்று போட்டிருப்பார்கள். வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். காகிதத்தில் வராத அளவு ஒன்று இருக்கிறது: டேங்கை ஒட்டிய இடத்தில் சீட்டின் அகலம். அங்கே அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, பாதம் தரைக்கு எட்டும் உயரம் குறைந்துவிடும். இதை உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஷோரூமில் டைல்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடாதீர்கள். வெளியே கொண்டுவரச் சொல்லி, ஸ்டாண்டை எடுத்து, சின்ன மேட்டில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இரண்டு தடவை தள்ளி மூச்சு வாங்கினால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

இப்போது செலவு. 125-க்கும் 350-க்கும் நடுவில் 150, 160 சிசி வண்டிகளும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்தே பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மில்லுக்கு மட்டும் உங்கள் மாத ஓட்டம் 1,456 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கொடுக்கும் 125-ல் மாதம் 2,700 ரூபாய்க்குள் முடியும். 48 கொடுக்கும் 160-ல் சுமார் 3,060. 34 கொடுக்கும் 350-ல் 4,300-ஐத் தாண்டும். 160-க்கும் 350-க்கும் இடையில் வருடத்துக்கு 15,000 ரூபாய் வித்தியாசம். வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் டயரும் செயின் செட்டும் அடிக்கடி பர்ஸில் கை வைக்கும். கனமான வண்டிக்கு அவற்றின் விலையும் கூடுதல். விலை ஒரு லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 12 சதவீதம், அதற்குக் கீழே 10. ஷோரூம் விலையைக் கேட்டுவிட்டு நிறுத்தாமல் ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு கோடு 150 சிசியில் இருக்கிறது. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 75-லிருந்து 150 சிசி வரை 3,851 ரூபாய், அதைத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய். 149 சிசி வண்டி முதல் வரிசையில் வரும், 160 இரண்டாவது வரிசைக்குப் போய்விடும். இதற்காக மட்டும் வண்டியை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு வண்டிக்கு இடையில் மனம் ஊசலாடும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கோடு 350-ல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. நண்பர்கள் யாராவது 450 சிசி என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் வீட்டில் சொல்கிற 125? ஹோண்டா ஷைன் போன்ற வண்டிக்குச் சுமார் 10.7 குதிரைத்திறன், ஐந்து கியர். தனியாளாக 60, 65-ல் போகிறவருக்குத் தாராளம். உங்கள் தினசரி ஓட்டம் 30 கிலோமீட்டருக்குள் இருந்திருந்தால், டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவராக இருந்திருந்தால், மேலே யோசிக்காமல் 125 என்று எழுதி முடித்திருப்பேன். என்னைத் தடுப்பது பிரேக்.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். 125-லும் அதற்குக் கீழும் பெரும்பாலும் சிபிஎஸ்தான் வருகிறது. சிபிஎஸ் என்பது காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். உங்கள் ரோட்டில் ஓரம் முழுக்க மணல், தேங்காய் மட்டை லோடு போன இடமெல்லாம் தூள். அதில் முன்சக்கரம் ஒரு நொடி பூட்டினால் வண்டி படுத்துவிடும், சுதாரிக்க நேரம் கிடைக்காது. நாய் குறுக்கே ஓடி, முன் பிரேக்கை முழுக்கப் பிடித்து விழுந்தவர்களின் வண்டிகளைத்தான் நான் அதிகம் நிமிர்த்தியிருக்கிறேன். பட்ஜெட் 125-ல்தான் நிற்கிறது என்றால் ஏபிஎஸ் உள்ள 125-ஐத் தேடுங்கள். ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் ஏபிஎஸ்ஸோடு கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வண்டி வாங்கப் போகும் ஆண்கள் பின்சீட்டில் உட்கார்ந்தே பார்ப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம். பின்னால் தூக்கி நிற்கும், இரண்டாகப் பிரிந்த சீட் பார்க்க அழகாக இருக்கும். அதில் சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சரிய வேண்டும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் எதையாவது பிடிக்கத் தேட வேண்டும். உங்களுக்கு வேண்டியது நீளமான ஒரே சீட், முழுக்கை பிடிக்கும் அளவுக்குக் கைப்பிடி, சேலை கார்டு, அதோடு பாதம் முழுக்கப் பதியும் மிதிப்படி. முடிந்தால் உங்கள் மனைவியைச் சுடிதாரில் இருபக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள், அதுதான் பாதுகாப்பு.

மூணாறு பற்றியும் சொல்ல வேண்டும், அந்த ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. சின்னாறு, மறையூர் வழியாக ஏறிச் சேரும் மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று மெலிந்து எஞ்சினின் சக்தி பத்தில் ஒரு பங்கு போய்விடும். எட்டு குதிரைத்திறன் உள்ள உங்கள் வண்டி அங்கே ஏழுக்கும் கீழே. பின்னால் ஆள் இருந்தால் இரண்டாவது கியரை விட்டு மேலே வராது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். 350 அந்த இடத்தில் சுகம்தான்: கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டர் இழுவை, எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும், கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைக்காமல் திரும்பலாம். ஆனால் சின்னாறு காட்டில் வளைவு தாண்டி யானை நிற்பதைப் பார்த்து, குறுகிய ரோட்டில் வண்டியைத் திருப்ப வேண்டி வந்தால், 5 அடி 4 அங்குல ஆளுக்கு 160 சிசி வண்டியின் 140 கிலோ எவ்வளவு, 350-ன் 195 கிலோ எவ்வளவு என்று அப்போது தெரியும்.

150, 160-களிலும் எல்லாம் ஒன்றல்ல. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி பதினேழரை குதிரைத்திறன் கொடுக்கும், ஆனால் அதன் முழு இழுவை 7,000 சுற்றைத் தாண்டித்தான் வரும். தனியாளாக விரட்டி ஓட்டுகிறவருக்கு அருமையான எஞ்சின். ஹோண்டா யூனிகார்னில் குதிரைத்திறன் 13 சொச்சம்தான், இழுவையோ கிட்டத்தட்ட அதே அளவு, அதுவும் 5,500 சுற்றுக்குள். ஆள் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறவருக்கும், 50-ல் டாப் கியரிலேயே போக நினைக்கிறவருக்கும் இந்த குணம் ஒத்துப்போகும். எடை சுமார் 140 கிலோ, சீட் உயரம் 798 மில்லிமீட்டர், நீளமான ஒரே சீட், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ். பார்வைக்குப் பழைய வண்டி போலத்தான் இருக்கும்.

என் முடிவு இது. முதலில் யூனிகார்னை ஓட்டிப் பாருங்கள். அடுத்து பஜாஜ் பல்சர் 150, ஒரே சீட் வருகிற மாடல். 148 கிலோ, இன்சூரன்ஸில் கீழ் வரிசை. இந்த இரண்டில் எது உங்கள் முதுகுக்கும் உங்கள் மனைவிக்கும் பிடிக்கிறதோ அது. ஓட்டிப் பார்ப்பது என்றால் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. குறைந்தது பத்து கிலோமீட்டர், கொஞ்சம் குழி விழுந்த ரோட்டில்.

பழைய வண்டியை எக்சேஞ்ச் போடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடம் தாண்டிய 100 சிசிக்கு அவர்கள் கொடுக்கப்போவது சொற்பம். உங்கள் அப்பாவுக்கோ அதன் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று விரலுக்குத் தெரியும். வரப்பில் தள்ளிப் போகலாம், கேரியரில் பால் கேனும் புண்ணாக்கு மூட்டையும் கட்டலாம். 140 கிலோ புது வண்டியில் அவரைத் தோப்புக்கு அனுப்புவது அவருக்கும் சிரமம், வண்டிக்கும் சிரமம். ஆர்சி 15 வருடம், 2028 வரை ஓடும். பிறகு ஆர்டிஓ-வில் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். இப்போதே ஒரு பிரேக் ஷூவும் இரண்டு டயரும் மாற்றிக் கொடுங்கள்.

இதே கேள்வியை இன்னும் சிலர் வேறு மாதிரி கேட்டிருந்தார்கள். மண் ரோடும் மலைக் கிராமமுமாக அலைகிறவர்கள் ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரி 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி உள்ள வண்டியைப் பார்க்கலாம், ஆனால் சீட் உயரம் 825, குள்ளமானவர்கள் யோசிக்க வேண்டும். வாரம் தவறாமல் 300 கிலோமீட்டர் போகிறவர், உயரமும் உடம்பும் உள்ளவர், 350 எடுத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

உங்கள் மகளுக்கு மூன்று வயது. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை வண்டியில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தை அளவு ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40-க்கு மேல் கூடாது. இது 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம். டேங்க் மேல் உட்கார வைத்துப் போவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சின்ன ஹெல்மெட்டை வண்டி டெலிவரிக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். வீட்டில் நாலு நாள் போட்டுக்கொண்டு விளையாடட்டும். பழகிவிட்டால் மாமியார் வீடு போய்ச் சேரும்வரை கழற்றக் கேட்கமாட்டாள்.