அமானுஷ்யக் காதல் நாவலை முதன்முறை படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

இதற்குப் பதில் சொல்ல நான் சரியான ஆளா தெரியவில்லை. என் வாசிப்பு எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல்கள்தான். முதல் பக்கத்தில் பிணம், கடைசிப் பக்கத்தில் கைவிலங்கு. பேய்க்கதை என்றால் பழையனூர் நீலி மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. கொன்றவனை விடாமல் துரத்திப் பழி வாங்கி, வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரையும் தீயில் இறங்க வைத்தவள். பேய் காதலிக்கும் என்பது புதுசு.

போன மே மாத லீவுக்கு வந்த அக்கா மகள் 'ட்வைலைட்' நாவலை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கறுப்பு அட்டை, இரண்டு வெளுத்த கைகள், அதில் ஒரு சிவப்பு ஆப்பிள். ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005-இல் வந்தது. ரத்தம் குடிக்கும் எட்வர்டும், பெல்லா என்ற மனிதப் பெண்ணும் காதலிக்கும் கதை. சும்மா புரட்டியவன் நூறு பக்கம் போய்விட்டேன். ஒரு சொட்டு ரத்தம்கூடக் காணோம். போன் போட்டு, "எப்போ கடிப்பான்?" என்று கேட்டேன்.

"கடிக்க மாட்டான் மாமா. அதுதான் கதையே."

அப்புறம்தான் ஆரம்பப் பக்கங்களுக்குத் திரும்பிப் போய் வகுப்பறைக் காட்சியை மறுபடி படித்தேன். பெல்லா புதுப் பள்ளியில் முதல் நாள் எட்வர்டின் பக்கத்தில் போய் உட்காருகிறாள். அவன் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து, கையை முஷ்டியாக இறுக்கி, ஏதோ நாற்றம் அடிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பாவம், அவள் தன் தலைமுடியை மோந்து பார்த்துக்கொள்கிறாள். ஷாம்பு வாசம்தான் வருகிறது. முதல் தடவை இதை நகைச்சுவை என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். 13-ஆம் அத்தியாயத்தில், ஒரு புல்வெளியில் வைத்து அவனே சொல்கிறான்: அந்த ஒரு மணி நேரமும் அவளை எப்படித் தனியாக வெளியே கூட்டிப்போவது என்று நூறு வழி யோசித்தானாம். கொல்லத்தான்! அவள் ரத்த வாசம் அவனை அந்தப் பாடு படுத்தியிருக்கிறது. மேயருக்கு 2003 ஜூனில் கனவில் வந்தது இந்தப் புல்வெளிதானாம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியது.

நம் காதல் கதைகளில் குறுக்கே நிற்பவர் அப்பா, இல்லையென்றால் சாதி, இல்லையென்றால் முறைமாமன். ஓடிப்போனால் தப்பிக்கலாம். இங்கே குறுக்கே நிற்பதே காதலன்தான். அவனுடைய பசி. தொட வேண்டும், தொட்டால் ஆபத்து. அதனால் அவன் கன்னத்தில் விரல் வைப்பதற்கே ஒரு பக்கம் ஆகிறது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். நாற்பத்தாறு வயதில்!

காட்டேரி என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் காட்டேரிக்குப் படையல் போடுவார்கள், அது சாமி. எட்வர்ட் வேறு ரகம். 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது இப்படி ஆக்கப்பட்டவன், பார்க்கப் பதினேழு, நிஜத்தில் நூறைத் தாண்டியவன். வெயில் பட்டால் எரிய மாட்டான், மின்னுவான். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆடித் தள்ளுபடி ஜிகினாப் புடவை மாதிரி என்ன மின்னல் இது? ஆனால் 1897-இல் வந்த 'டிராகுலா' நாவலிலேயே ரத்தம் குடிக்கும் பிரபு பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். சூரிய ஒளியில் அழிந்துபோவது 1922-இல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படம் கொண்டுவந்தது. ஆக நான் சிரித்ததும் பாதி அறியாமைதான். கதை நடக்கும் ஃபோர்க்ஸ், வாஷிங்டன் மாநிலத்தில் நிஜமாகவே உள்ள ஊர், எப்போதும் மழை, மேகம். வெயிலில் மின்னுகிறவன் வேறு எங்கே போய்ப் பள்ளியில் சேர்வான்?

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துப்போகவே இல்லை. இரவில் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைச் செய்தவன் மனிதன் என்றால் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லுவோம். பேய் என்றால் காதலா? அக்கா மகளிடம் சொன்னேன். "அது பழைய புத்தகம் மாமா, நாங்களே அதைத் திட்டிக்கிட்டுத்தான் படிப்போம்" என்றாள்.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் அந்தப் புல்வெளி வரைக்கும் படியுங்கள். அங்கேயும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடலாம், நேரம் வீண் வேண்டாம்.

எனக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் பாகம் 'நியூ மூன்' கடனுக்கு வாங்கினேன். எட்வர்ட் அவளை விட்டுப் போய்விடுகிறான். அடுத்து, அக்டோபர் என்று மட்டும் ஒரு பக்கம். புரட்டினால் நவம்பர். டிசம்பர். ஜனவரி. நாலிலும் வேறு ஒரு வரி இல்லை. அச்சுப் பிழை, கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தே விட்டேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த நாலு பக்கத்தையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.